மாட்டின் ஏப்பமும் எங்கட பால்மா பைக்கற்றும்

தெமட்டகொடை என்று சொன்னால் கொழும்பில் பாதிப்பேருக்கு மாடறுக்கும் மடுவம்தான் ஞாபகத்துக்கு வரும். மாநகர சபையின் மடுவம் எங்கள் பக்கத்தில் என்பதால், மாடு பற்றி நாட்டில் எந்தக் கதை கிளம்பினாலும் அது சுற்றிவளைத்து எங்கள் ஒழுங்கைக்குள் வந்து விழும். 2013 வெசாக் நாளில், மாடறுப்பை எதிர்த்துக் கண்டியில் ஒரு பிக்கு தீக்குளித்தபோது வந்தது. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடைசெய்ய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது வந்தது. இப்போது வருவது மூன்றாவது கதை. இது காவி உடுத்து வரவில்லை, பச்சை உடுத்து வருகிறது: "மாடு விடுற வாயுவாலதான் உலகம் சூடாகுது, அதால மாட்டை விடுங்க."

அந்தக் கதையின் விஞ்ஞானம் சரி. நாங்கள் அதை மறுக்க வரவில்லை. அது இந்த நாட்டில் யாரைக் கைகாட்டுகிறது, யாரை விட்டுவிடுகிறது என்பதுதான் எங்கள் சண்டை.

முதலில் விஞ்ஞானத்தைச் சொல்லிவிடுவோம். மாடு, எருமை, ஆடு எல்லாம் அசைபோடும் விலங்குகள். புல்லையும் வைக்கோலையும் எங்களால் சமிக்க முடியாது, அவற்றால் முடியும். காரணம் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். அந்த வேலையின் கழிவாக மீத்தேன் பிறக்கிறது. அதில் பெரும்பங்கு ஏப்பமாக வாய்வழியேதான் வெளியேறுகிறது. (பின்பக்கம் என்று நினைத்துச் சிரிப்பவர்கள் கொஞ்சம் மேலே பார்க்கவும்.) நூறு வருடக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். இருபது வருடக் கணக்கில் எண்பதையும் தாண்டும். ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனம் 2013 இல், மனிதர் வெளியிடும் பச்சைவீட்டு வாயுக்களில் 14.5 வீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்றது. 2023 இல் அதைச் சுமார் 12 வீதம் என்று திருத்தியது. எந்த எண்ணை எடுத்தாலும் சின்ன விஷயம் இல்லை.

சரி, ஒரு மாடு எவ்வளவு விடுகிறது என்று யார் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள்?

உண்மையாக அளப்பதென்றால் மாட்டைக் கண்ணாடிக் கூண்டு மாதிரி ஓர் அறைக்குள் விட்டு, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் சோதிக்க வேண்டும். கொட்டிலில் நிற்கிற மாட்டுக்கு இது சரிவரும். மேய்ச்சல் மாட்டைக் கூண்டில் அடைத்தால் அது மேய்ச்சல் மாடு இல்லை. அதனால் 1990களில் வேறு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வேறெங்கும் கிடைக்காத ஒரு வாயுவை மெல்லக் கசியவிடும் சின்னக் குழாய் ஒன்றை மாட்டின் இரைப்பைக்குள் இறக்கிவிட்டு, மூக்கருகே கட்டிய குழாயால் மூச்சைச் சேகரித்து, கசிந்த வாயுவுக்கும் மீத்தேனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பது. இப்போது தீவனப் பெட்டி மாதிரி ஒரு இயந்திரமும் உண்டு. மாடு வந்து தலையை உள்ளே விட்டுத் தின்னும்போது அது மூச்சை அளந்துகொள்ளும். எல்லாமே காசு, நேரம், ஆள்பலம்.

எங்களைப் போன்ற நாடுகள் பெரும்பாலும் செய்வது என்ன? தலையை எண்ணிப் பெருக்குவது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2006 வழிகாட்டியில் ஓர் அட்டவணை இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்துக் கறவைப் பசு ஒன்று வருடத்துக்கு 58 கிலோ மீத்தேன் என்று அதில் போட்டிருக்கிறது. மற்ற மாடுகளுக்கு 27. அவுஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துக் கறவைப் பசுவுக்கு 90. வட அமெரிக்கப் பசுவுக்கு 128. மாட்டின் எண்ணிக்கையை இந்த எண்ணால் பெருக்கினால் கணக்கு முடிந்தது. வாகரைப் பற்றைக்குள் மேயும் நாட்டு மாடும், நுவரெலியாக் குளிரில் தீவனம் தின்னும் பிரீசியன் கலப்பும் ஒரே 58.

இந்த எண்களைப் பார்த்ததும் "அப்ப எங்கட மாடு நல்ல மாடுதானே, குறைவாத்தானே விடுது" என்று மகிழாதீர்கள். அதே அட்டவணையில் பாலும் இருக்கிறது. துணைக்கண்டப் பசு வருடத்துக்கு 900 கிலோ, நியூசிலாந்துப் பக்கத்துப் பசு 2,200, வட அமெரிக்கப் பசு 8,400. வகுத்துப் பாருங்கள். எங்கள் பசு ஒரு கிலோ பாலுக்கு 64 கிராம் மீத்தேன் விடுகிறது. நியூசிலாந்துப் பசு 41 கிராம். அமெரிக்கப் பசு 15. நியூசிலாந்துப் பசு இன்றைக்கு அந்த 2,200 ஐ எவ்வளவோ தாண்டிக் கறக்கிறது, ஆகவே இடைவெளி இன்னும் கூட.

இந்த வகுத்தலில்தான் அரசியல் இருக்கிறது. ஒரு லீற்றருக்கு எவ்வளவு வாயு என்பதை மட்டும் அளவுகோலாக வைத்தால், முடிவு தானாக வந்துவிடும்: மட்டக்களப்புப் பட்டிக்காரர் பட்டியைக் கலைத்துவிட வேண்டும், நாங்கள் எல்லோரும் நியூசிலாந்துப் பால்மா குடிக்க வேண்டும். யாரும் இப்படி எழுதி வைக்கவில்லை. ஆனால் இந்த நாடு பல வருடங்களாக நடந்து போகிற திசை அதுதான்.

எங்கள் பால் தேவையில் பாதிக்கும் மேல் இறக்குமதிப் பால்மா. அதில் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து. 2022 இல் டொலர் இல்லாமல் போனபோது பால்மாவுக்கு வரிசையில் நின்ற கைகள் எங்கள் கைகள்தான். ஒரு பால்ரீ நூறு ரூபாயைத் தொட்டதும் அப்போதுதான். நாட்டுக் கணக்கெடுப்பின் விதிப்படி வாயு எந்த மண்ணில் வெளியேறியதோ அந்த நாட்டின் கணக்கில்தான் ஏறும். ஆகவே தெமட்டகொடைக் கடையில் நாங்கள் குடிக்கிற பால்ரீயின் மீத்தேன் இலங்கைக் கணக்கில் இல்லை. சித்தாண்டித் தயிர்ச்சட்டியின் மீத்தேன் இருக்கிறது. கொழும்பில் இருந்து 'மாட்டைக் குறையுங்கோ' என்று சொல்கிறவர் தன் கோப்பையைப் பார்க்கத் தேவையே இல்லை.

"அவங்கதான் அங்க எண்ணுறாங்களே, அவங்க குறைக்கட்டும்" என்று சொல்லலாம். அங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். நியூசிலாந்தின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழப் பாதி விவசாயத்திலிருந்து வருகிறது. 1990 இல் முப்பத்துநான்கு இலட்சமாக இருந்த கறவை மாட்டுத்தொகை 2014 அளவில் அறுபத்தேழு இலட்சமானது. அவர்களின் பாற்பொருட்களில் சுமார் 95 வீதம் ஏற்றுமதி. 2003 இல் மாட்டு வாயுவுக்கு ஒரு வரி போடப் பார்த்தார்கள், பண்ணையாளர் கிளம்பியதும் கைவிட்டார்கள். 2022 ஒக்டோபரில் ஜசிந்தா ஆர்டனின் அரசாங்கம் பண்ணை மட்டத்திலேயே அளந்து விலை வைக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. டிரக்டர் ஊர்வலம் வந்தது, அரசாங்கமும் மாறியது. 2025 ஒக்டோபரில் புதிய அரசாங்கம் மீத்தேனுக்கு வரியே கிடையாது என்று சொல்லி, 2050க்கான குறைப்பு இலக்கையும் 24 முதல் 47 வீதத்திலிருந்து 14 முதல் 24 வீதத்துக்கு இறக்கியது. காசும் ஆய்வுகூடமும் அளவுக்கருவியும் உள்ள நாடு இது. அளக்கத் தெரியாமல் அல்ல, அளந்த பிறகும் தொட மனமில்லாமல் நின்றது.

அந்த நாட்டின் குறைப்பு முயற்சி ஒன்று எங்கள் கோப்பை வரைக்கும் வந்த கதை 2013 இல் நடந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஓகஸ்ட் மாதம் பால்மா பைக்கற்றுகளைக் கடைகளில் இருந்து எடுக்கச் சொன்னார்கள். டி.சி.டி. என்ற இரசாயனம் இருக்கிறது என்று இங்கே சோதனையில் தெரிந்ததாகச் சுகாதார அமைச்சு சொன்னது. ஃபொன்டெரா அந்தச் சோதனையையே ஏற்கவில்லை, தன் பால்மா பாதுகாப்பானது என்றது. வழக்கு, விளம்பரத் தடை, நிறுவனம் கொஞ்ச நாள் இங்கே கதவைப் பூட்டியது வரை போனது. வீடுகளில் "பால்மாவில நஞ்சாம்" என்ற ஒரே கதை.

டி.சி.டி. ஏன் பாலுக்குள் வந்தது என்று அந்த நாட்களில் கேட்டவர்கள் குறைவு. அது பாலில் கலக்கிற சாமான் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் மாடு மூத்திரம் பெய்கிற இடத்தில் நைதரசன் குவிகிறது. மண்ணில் உள்ள பற்றீரியாக்கள் அதை மாற்றும்போது ஒரு பகுதி நைதரசு ஒட்சைட்டாக வானத்துக்குப் போகிறது, அது காபனீரொட்சைட்டைவிட 270 மடங்கு அளவு வலுவான வாயு. இன்னொரு பகுதி ஆற்றுக்கும் நிலத்தடி நீருக்கும் போகிறது. அந்தப் பற்றீரியாக்களின் வேலையை மெதுவாக்கப் புல்லுக்கு அடித்த மருந்துதான் டி.சி.டி. அங்கே அதைக் காலநிலைக்கான நல்ல காரியமாகத் தேசியக் கணக்கிலும் காட்டினார்கள். பிறகு பாலில் அதன் சிறுசிறு தடயங்கள் தென்பட, 2013 ஜனவரியில் உர நிறுவனங்கள் விற்பனையை நிறுத்தின. உடல்நலத்துக்கு ஆபத்தில்லை என்றது நியூசிலாந்து. ஆபத்து இருந்ததா இல்லையா என்பதற்கல்ல இதைச் சொல்கிறோம். உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு மாட்டின் மூத்திரத்தைத் திருத்தப் போட்ட மருந்து எங்கள் அம்மாக்களைக் கடை கடையாக அலையவைத்தது. அவ்வளவு நீளமான சங்கிலியில் நாங்கள் தொங்கிக்கொண்டிருக்கிறோம், ஆனால் அதில் ஒரு கண்ணியைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

இனி எங்கள் பக்கம். ஒரு லீற்றருக்கான வாயுவைக் குறைக்க அரசாங்கங்கள் பிடித்த வழி: பெரிய மாடு கொண்டுவருவது. அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 20,000 கறவைப் பசுக்கள் இறக்கும் திட்டத்தில், முதல் 5,000 பசுக்கள் 2017 இல் கப்பலில் வந்தன. கடன் எடுத்து வாங்கிய பண்ணையாளர்கள் பிறகு என்ன சொன்னார்கள் என்பது பத்திரிகைகளில் இருக்கிறது: நோய், சாவு, சொன்ன அளவில் பால் இல்லை. வழங்கிய நிறுவனம் பராமரிப்புச் சரியில்லை என்றது. மிச்சம் 15,000 வரவே இல்லை. பராமரிப்புச் சரியில்லை என்பதே உண்மை என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் குறை மாட்டின் இரத்தத்தில் இல்லை, தீவனத்திலும் தண்ணீரிலும் நிழலிலும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதைச் சரிசெய்யாமல் இரத்தத்தை ஏன் இறக்குமதி செய்தோம்?

நாட்டு மாடு ஏன் லீற்றருக்கு 64 கிராம் விடுகிறது? மாடு பால் தந்தாலும் தராவிட்டாலும் உயிரோடு இருக்கத் தின்ன வேண்டும், தின்றால் ஏப்பம் விடும். நல்ல மேய்ச்சல் கிடைத்த நாகு மூன்று வயதில் கன்று போடும். காய்ந்த வைக்கோலோடு காலம் தள்ளும் நாகு ஐந்து வயது வரைக்கும் இழுக்கும். மேலே சொன்ன எண்ணையே எடுங்கள்: பால் தராத மாட்டுக்கு வருடம் 27 கிலோ. இரண்டு வருடம் பிந்தினால் 54 கிலோ. ஏறத்தாழ ஒரு கறவைப் பசுவின் முழு வருட வாயு, ஒரு சொட்டுப் பால் இல்லாமல். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையில் இரண்டு வருடம் போனால், பட்டியில் எந்த நேரமும் பாதி மாடு வற்றிப்போய் நிற்கும், ஆனால் ஏப்பம் வற்றாது. கன்று செத்தால், அதைச் சுமக்கத் தாய் விட்ட வாயுவும் வீண். செத்துப்போகும் என்ற பயத்திலேயே பட்டிக்காரர் நாலு மாடு கூடுதலாக வைத்திருப்பார், அது அவருடைய காப்புறுதி.

2022 டிசெம்பரில் மண்டௌஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் ஓரிரவில் விறைத்துச் செத்தன. மெலிந்த மாட்டுக்குக் குளிர் தாங்காது, கொழுத்த மாடு கொஞ்சம் தாங்கும். மட்டக்களப்பில் மாட்டை மெலியவைப்பது எது என்று கேட்டால், அந்தப் பக்கத்து மாட்டுக்கும் வயலுக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்த வயலில் மாடு இறங்கும். அடிக்கட்டையையும் வைக்கோலையும் தின்னும், சாணம் போடும். பெரும்போகத்துக்கு விதைக்கும்போது மாடு வயலில் நிற்க முடியாது. பட்டியைச் சாய்த்துக்கொண்டு மேற்கே போவார்கள், மயிலத்தமடு, மாதவனைப் பக்கம். அறுவடைக்குப் பிறகு திரும்பி வருவார்கள். மாட்டின் குறியைப் பார்த்தே யாருடைய பட்டி என்று சொல்லக்கூடிய சனம் அது. எண்ணிக்கை, பதிவு, கணக்கு எல்லாம் காலநிலை மாநாட்டுக்காரர் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய புதுச் சரக்கு இல்லை.

அந்தத் தரையைத்தான் சில வருடங்களாக வெளி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் பிடித்து உழுகிறார்கள். மகாவலி அதிகாரசபை அது தன் நிலம் என்கிறது. மாடுகள் சுடப்படுகின்றன, பொறிவெடியில் வாய் கிழிந்து சாகின்றன என்று பண்ணையாளர்கள் முறைப்பாட்டுக்கு மேல் முறைப்பாடு போடுகிறார்கள். 2023 செப்டெம்பர் 15 இல் சித்தாண்டியில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஒரு வருடத்தையும் தாண்டியது. தமிழ்ப் பத்திரிகைகளில் அது நிலப்பிரச்சினை, இனப்பிரச்சினை. அது சரிதான், அதைவிடச் சரியான பெயர் இல்லை. ஆனால் கொழும்பில் ஆங்கிலத்தில் நடக்கும் காலநிலைக் கருத்தரங்குகளில் அந்தப் பெயரை நாங்கள் கேட்டதில்லை. இத்தனைக்கும் இந்த நாட்டில் மேய்ச்சல் மாட்டின் மீத்தேன் எங்கே கூடுகிறது, எப்படிக் கூடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அது.

பாருங்கள்: தரை போனால் மாடு பெரும்போக மாதங்களில் தெருவோரத்திலும் குளக்கட்டிலும் ஒதுங்கி நிற்கிறது. மெலிகிறது. சினைப்படப் பிந்துகிறது. கன்று சாகிறது. கறவை குறைகிறது. தலை எண்ணிக்கை உடனே குறையாது, ஆகவே வாயு ஏறத்தாழ அதே அளவு, பால் மட்டும் பாதி. இங்கே பற்றையும் புல்லும் உழப்பட்டு சோளம் போடப்படும்போது, மண்ணிலும் செடியிலும் இருந்த காபன் வேறு வெளியே போகிறது. குறைந்த பாலுக்குப் பதிலாக ஒரு கப்பல் பால்மா வருகிறது. இவ்வளவு நடந்த பிறகு யாரோ ஒருவர் அறிக்கை எழுதுவார்: உள்ளூர் மாடுகளின் உற்பத்தித்திறன் குறைவு, வெளியேற்றச் செறிவு கூட.

2021 இல் ஐ.நா.வுக்கு இலங்கை கொடுத்த வாக்குறுதியில் 2030க்குள் வெளியேற்றத்தை 14.5 வீதம் குறைப்பதாக இருக்கிறது. 4 வீதம் சொந்தக் கையால், 10.5 வீதம் வெளியார் உதவி கிடைத்தால். கால்நடையும் அந்தக் கணக்குக்குள் வருகிறது. அதே 2021 இல்தான் இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தி, சேதன உரம் தேடிச் சீனாவரைக்கும் போனார்கள். பட்டியடி நிறையச் சாணம் இருந்த மாவட்டத்தில் பட்டிகளை விரட்டிக்கொண்டு!

வெளியார் உதவி வந்தால் என்ன வாங்குவார்கள் என்று ஊகிக்கலாம். மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்க்கைகள் இப்போது சந்தையில் இருக்கின்றன. போவேயர் என்ற பெயரில் விற்கப்படுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 இலும் அமெரிக்கா 2024 இலும் அனுமதித்தன. ஒருவகைச் சிவப்புக் கடற்பாசி ஆய்வுகளில் இன்னும் கூடுதலாகக் குறைக்கிறது. நல்லது. ஆனால் இவை தினமும் தீவனத்தில் கலந்து கொடுக்க வேண்டிய சாமான்கள். கொட்டில் மாட்டுக்குச் சரி. காலையில் அவிழ்த்துவிட்டால் மாலையில் வருகிற மாட்டின் வாயில் யார் போய்க் கலந்து ஊட்டுவது? நியூசிலாந்தே தன் மேய்ச்சல் மாடுகளுக்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் அந்தத் தூளை டொலருக்கு வாங்கி எந்தத் தொட்டியில் போடப் போகிறோம்?

நாங்கள் கேட்பது தூளைவிடப் பழைய சாமான். மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் மேய்ச்சல் தரை என்று அறிவியுங்கள். பண்ணையாளர்களின் கோரிக்கையும் அதுதான், அவர்கள் அதைக் காலநிலைத் திட்டம் என்று அழைக்கவில்லை, நாங்கள் அழைக்கிறோம். வேலிக்குக் கிளிசரிடியா நடுங்கள், வெயில் காலத்தில் அதன் இலை புரதத் தீவனம். வைக்கோலை வயலிலேயே எரிக்கிற ஊரில் அதை யூரியாவில் ஊறவைத்து மாட்டுக்குக் கொடுக்கிற முறையைக் கற்றுக்கொடுக்க ஒரு கால்நடை வைத்தியரும் ஒரு மோட்டார்சைக்கிளும் போதும். மில்கோ சேகரிப்பு நிலையத்தில் தினமும் லீற்றரையும் கொழுப்பையும் கொப்பியில் எழுதுகிறார்கள். அந்தக் கொப்பியையும், கன்று போட்ட திகதியையும், செத்த மாட்டின் எண்ணிக்கையையும் ஒன்றாக வைத்தால், 58 என்ற இரவல் எண்ணைவிட நல்ல கணக்கு ஒன்று கிடைக்கும். கூண்டும் வேண்டாம், குழாயும் வேண்டாம். அளப்பதை வேண்டாம் என்று சொல்லவில்லை நாங்கள். பட்டிக்காரருக்குப் பிரயோசனப்படுகிற மாதிரி அளக்கச் சொல்கிறோம்.

இதற்கு இரண்டு எதிர்ப்பு வரும். முதலாவது: "நீங்கள் மாட்டுக்காரருக்கு வக்காலத்து வாங்குறீங்க, மாடே இல்லாட்டி மீத்தேனே இல்லைத்தானே?" மீத்தேன் வளிமண்டலத்தில் பன்னிரண்டு வருடம் அளவில்தான் நிற்கிறது. பட்டி பெருகாமல் ஒரே அளவில் நின்றால், புதிதாக வருவதும் பழையது கரைவதும் ஏறத்தாழச் சரிக்கட்டும். பெருகும் பட்டிதான் சூட்டைக் கூட்டிக்கொண்டே போகும். இந்த வாதத்தை நியூசிலாந்துப் பண்ணையாளர் சங்கங்களும் சொல்கின்றன என்று எங்களுக்குத் தெரியும். மாட்டை இரட்டிப்பாக்கிவிட்டு அதைச் சொல்ல அவர்களுக்கு வாயில்லை. இலங்கையில் மாட்டுத்தொகை 1990 இல் இருந்ததைவிடக் குறைந்துவிட்டது. எருமை பாதிக்கும் கீழே. போரும் டிரக்டரும் பறிபோன தரையும் சேர்ந்து எங்கள் குறைப்பை எப்போதோ செய்து முடித்துவிட்டன, அதற்கு யாரும் எங்களுக்குக் காபன் வரவு வைக்கவில்லை. அதற்காக மட்டக்களப்புப் பட்டிகளில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். தரை தாங்காத அளவுக்கு மாடு விட்டால் மண் கட்டாந்தரையாகும். பெரிய பட்டிக்காரர் சிலர் கூலிக்கு மேய்க்கும் பொடியனுக்குக் கொடுக்கும் சம்பளத்தைப் பற்றியும் ஒருநாள் எழுதத்தான் வேண்டும்.

இரண்டாவது எதிர்ப்பு எங்கள் ஒழுங்கைக்கு நெருக்கமானது. "அறுக்கிறதை நிப்பாட்டினால் பால் கூடும், மாடு பெருகும்" என்றார்கள் 2020 இல். காலநிலைக் கணக்கில் இது தலைகீழ். கன்று போடாத கிழட்டுப் பசுவும், ஏரில் பூட்டாத எருதும் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு வருடமும் 27 கிலோ. தடைக்கு ஒப்புதல் கொடுத்த அதே அமைச்சரவை முடிவில், மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்காக இறைச்சியை இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுக்கலாம் என்றும் இருந்தது. உயிர்க்காருண்யம் உள்ளூர் மாட்டுக்கு மட்டும். வெளிநாட்டு மாடு உறைந்து பெட்டியில் வந்தால் பாவமில்லை, அதன் வாயுவும் அந்த நாட்டின் தலையில். மாட்டை வெட்டுகிறவன் முஸ்லிம், மேய்க்கிறவன் தமிழன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுதிய கொள்கையில் மாட்டைப் பற்றி என்ன இருக்கப்போகிறது? அந்தத் தடைக்குக் கைதட்டிய தமிழ்ச் சைவ அமைப்புகளும் இருந்தன. மடுவத்தில் கத்தி நின்றதும் அடுத்ததாகப் பட்டியின் வாசலுக்கு வருவார்கள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. சில வருடங்களில் மயிலத்தமடுவில் வந்தார்கள்.

எங்களில் சிலர் மாட்டிறைச்சி சாப்பிடுகிறோம், சிலர் சாப்பிடுவதில்லை, ஒருத்தி பால்கூடக் குடிப்பதில்லை. அது எங்கள் எங்கள் தட்டு. ஆனால் "காலநிலைக்காக மாட்டை விடுங்க" என்ற போஸ்டரைத் தெமட்டகொடையில் ஒட்ட வருகிறவர்களிடம் ஒன்று கேட்போம்: உங்கள் அலுவலகத்தில் பத்து மணிக்கு வரும் பால்ரீ எந்த நாட்டு மாட்டுடையது? அதன் ஏப்பம் எந்தக் கணக்கில் இருக்கிறது?

இந்த முறையும் பெரும்போக மழைக்கு முன்னால் மட்டக்களப்பு வயல்களில் இருந்து பட்டிகள் கிளம்ப வேண்டும். விதைப்பு ஆருக்காகவும் காத்திருக்காது. வர்த்தமானி இன்னும் வரவில்லை.